காரணம் சொல்கிறவர்

அவர் டீ வேண்டாம் என்று சொன்னால் அதைக் கேட்டு முடிக்க மூன்று நிமிடம் ஆகும். "வேணாம்ப்பா" என்று அதோடு நிறுத்திக்கொள்ள அவருக்குத் தெரியாது. காலையில் ஒன்று குடித்தாயிற்று, இப்போது இன்னொன்று குடித்தால் நாக்கில் பால் படியும், பால் படிந்தால் பத்தரை மணிக்குப் பார்க்கவேண்டிய சாம்பிளில் காரம் பிடிபடாது, மற்றபடி உன் டீயில் ஒரு குறையும் இல்லை. இவ்வளவையும் பாதி தமிழிலும் பாதி இந்தியிலுமாக டீ கொண்டுவரும் பெஷாவர்க்காரரிடம் விளக்குவார். அந்த மனிதரும் தட்டை ஏந்தியபடி நின்று முழுவதையும் கேட்டுவிட்டு, "அச்சா, நாக் சாப்" என்று அடுத்த மேசைக்கு நகர்வார். நாக் என்றால் மூக்கு. அஜ்மான் தொழிற்பேட்டையில் எங்கள் ஏலக்காய் குடோனில் எல்லோருக்கும் அவர் மூக்கு சார்தான். சொந்தப் பெயரை விசாத் தாளில் மட்டும் பார்த்திருக்கிறேன்.

வளைகுடாவில் கஹ்வா என்கிற அரபுக் காப்பியில் போடுகிற ஏலக்காயில் பெரும்பகுதி மத்திய அமெரிக்காவிலிருந்து, குவாத்தமாலாவின் மலைகளிலிருந்து கப்பலில் வருகிறது. அங்கே மாயா பழங்குடி மக்கள் விளைவிப்பதை எங்கள் கம்பெனி வாங்கி துபாய்க்கும் குவைத்துக்கும் சவூதிக்கும் அனுப்பும். வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்வது அவருடைய மூக்கு. போடிநாயக்கனூர்க்காரர். படிப்பை விட்ட நாளிலிருந்து ஏலக்காய்க் கடைகளில் வளர்ந்தவர். நான் திருச்சி. கணவருக்கு ஷார்ஜாவில் வேலை, மகள் அப்போது மூன்றாம் வகுப்பு. டாகுமென்ட் வேலைக்கென்று அந்தக் கம்பெனியில் சேர்ந்தேன். ஆபீசில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால், அவர் சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் கடிதம் அடிக்கிற வேலையும் என் தலையில் விழுந்தது. என்னைத் தாயி என்பார். நான் அண்ணே என்பேன்.

சாம்பிள் பார்க்கிற நாளில் குடோனுக்குள் யாரும் சென்ட் போட்டுக்கொண்டு வரக்கூடாது. ஒருநாள் அர்பாப், அதாவது எங்கள் முதலாளி, ஊது என்கிற அகில் எண்ணெய் மணக்க மணக்க உள்ளே வந்துவிட்டார். எழுபது வயது அரபிக்காரர், கந்தூரா அங்கியின் மடிப்பு கலையாமல் நடப்பவர். இவர் எழுந்துபோய் கும்பிட்டு, வாசல் வரை கூடவே நடந்து, அங்கே நிறுத்தி வைத்துக் காரணம் சொல்லத் தொடங்கினார். உங்கள் ஊது ரொம்ப உயர்ந்தது, அதனால்தான் தொந்தரவு, மட்டமான சென்ட் என்றால் பத்து நிமிடத்தில் அடங்கிவிடும். அர்பாபுக்கு இந்தி நன்றாகத் தெரியும். இருபது நிமிடம் அந்த வெயிலில் சிரித்துக்கொண்டே நின்றுவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து வருமுன் போன் செய்வார்.

இன்னொரு நாள், ஊரில் அவர் மகளுக்கு ஒரு வரன் வந்து அவருக்குப் பிடிக்கவில்லை. ஜாதகம் சேரவில்லை என்று ஊரில் எல்லோரும் சொல்வது போல் சொல்லி முடித்திருக்கலாம். சாப்பாட்டு நேரத்தில் மாப்பிள்ளையின் அப்பாவுக்கே போன் போட்டார். மூட்டைகளுக்கு நடுவில் நின்று அவர் பேசியது என் மேசைவரை கேட்டது.

"உங்க பையன்மேல ஒரு குத்தமும் இல்லங்க. பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு எங்க பிள்ள வாயத் தொறக்கும்போதெல்லாம் நீங்க பேசிட்டீக. மூணு தடவ. நான் எண்ணிக்கிட்டேதான் போன்ல பாத்துக்கிட்டிருந்தேன். அந்த வீட்டுல அவளுக்குப் பேச இடமிருக்காதுன்னு பட்டுச்சு. அதான் வேணாங்குறேன்."

அந்தப் பக்கம் நன்றாகத் திட்டியிருக்க வேண்டும். போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றார். வைத்த பிறகு என்னிடம் வந்து, "திட்டட்டும் தாயி. அடுத்து போற வீட்டுலயாச்சும் அந்தப் பொண்ணப் பேசவிடுவாரு" என்றார்.

இதையெல்லாம் வீட்டில் சொல்லிச் சிரிப்பேன். அவர் மேல் எனக்குப் பிரியம் இருந்தது, பொறுமைதான் இல்லை. ஒரு சாம்பிளை வேண்டாம் என்றால் ஒரு பக்கத்துக்குக் காரணம் சொல்வார். எங்கள் கம்ப்யூட்டரில் அதற்கென்று ஒரு படிவம் இருந்தது. 'அக்செப்டட்', 'ரிஜெக்டட்' என்று இரண்டு பொத்தான், கீழே குறிப்புக்கு ஒரு கட்டம். அந்தக் கட்டத்தை நிரப்பாமலும் அனுப்பலாம். பெரிய ஏற்றுமதியாளர்களுக்கு நிரப்பி அனுப்புவேன், அவர்கள் கேள்வி கேட்பார்கள். சிறிய ஊர்ச் சங்கங்களுக்கு என்றால் அவர் சொல்லும்போது தலையாட்டிக்கொண்டே பொத்தானை மட்டும் அழுத்திவிடுவேன். மூன்று மணிக்கு மகளுடைய ஸ்கூல் பஸ் வந்துவிடும்.

அப்படி ஒரு சங்கம் இருந்தது. உயரமான மலையில், பாதை சரியில்லாத ஒரு ஊரிலிருந்து பெண்கள் நடத்தியது. அவர்களுடைய சாம்பிள் முதல்முறை வந்தபோது அவர் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. "நல்ல காய் தாயி. பச்ச நிக்குது, எண்ணெ இருக்கு. ஆனா உள்ள ஒரு பொகை வாசம். வெறகுப் பொகை இல்ல. கோயிலுக்குள்ள நுழைஞ்ச மாதிரி, குங்கிலியம் போட்ட மாதிரி. எங்கருந்து வருதுன்னு அவுகளுக்குத்தான் தெரியும். அத மட்டும் சரி பண்ணிட்டா இந்தக் காய்க்கு ஈடு கெடையாதுன்னு எழுது." நான் பொத்தானை அழுத்தினேன். அடுத்த வருடமும் அதே வாசம், அதே பொத்தான். அதற்கடுத்த வருடமும்.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அர்பாப் அவரைக் குவாத்தமாலாவுக்கு அனுப்பிப் புதுக் காய் பார்த்துவரச் சொல்வார். வழக்கமாகக் கூடப் போகிற மேனேஜருக்கு அந்த முறை முதுகில் ஆபரேஷன். ஆங்கிலம் பேச ஆள் வேண்டுமே என்று என்னை அனுப்பினார்கள். இரண்டு நாள் விமானம் மாறி மாறிப் போய், கோபான் என்ற மலை நகரத்தில் மூன்று நாள் பெரிய குடோன்களாகப் பார்த்தோம். அங்கே எங்கள் ஏஜென்ட் மார்கோஸ். நாற்பத்தைந்து வயது, நிதானமான மனிதர், ஆங்கிலம் பேசுவார். அவருடைய அம்மா மாயா இனத்தவர் என்பதால் அந்த மலைகளில் பேசுகிற கெக்சி மொழியும் அவருக்குத் தாய்மொழி போல.

வேலை முடிந்து திரும்புவதற்கு முந்தைய நாள் இவர் அந்தப் பெண்கள் சங்கத்தின் ஊரைச் சொல்லி அங்கே போகவேண்டும் என்றார். ஊர்ப் பெயர் அவர் வாயில் நுழையவில்லை. "அந்த மேகமல" என்றார், தன் மாவட்டத்து மலை ஒன்றின் பெயரை அதற்கு வைத்து.

"அங்கிருந்து நாம் எதுவும் வாங்குவதில்லையே" என்றார் மார்கோஸ். "ஐந்து மணி நேரம் ஆகும். மழை பெய்தால் பாதை சரியும்."

இதைத் தமிழில் சொன்னேன்.

"அதனாலதான் போணுங்கறேன். மூணு வருசமா வேணாம் வேணாம்னு சொல்லிக்கிட்டிருக்கோம். இம்புட்டுத் தொலவு வந்துட்டு, நேர்ல போயி ஒரு வார்த்த சொல்லாமத் திரும்புனா நல்லாவா இருக்கு?"

பாதை சரியும் என்பதையே நான் மறுபடி சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்கவில்லை.

பிக்கப் வண்டியில் விடியுமுன் கிளம்பினோம். மேலே ஏற ஏற மழை தூறலாகி, தூறல் பனிமூட்டமாகி, கண்ணாடிக்கு முன்னால் வெள்ளையாக நின்றது. மக்காச்சோளம் சரிவில் நின்ற விதத்தைப் பார்த்தால் கயிறு கட்டி இறங்கி விதைத்திருப்பார்களோ என்று தோன்றியது. அதற்கு மேலே மர நிழலில் ஏலச்செடிகள். வெள்ளையடித்த ஒரு தேவாலயம், தகரக் கூரைகள், ஒரு பள்ளிக்கூடம், மீதி எல்லாம் மேகம். பாலைவனத்தில் பத்து வருடம் இருந்தவளுக்கு அந்த ஈரம் எலும்பில் ஏறியது. அவர் ஜன்னலை இறக்கிவிட்டு மூச்சை இழுத்துக்கொண்டே வந்தார்.

சங்கத்தின் தலைவி எல்வீரா. ஐம்பது வயதிருக்கும். வலைப்பின்னல் போல் நெய்த வெள்ளை மேல்சட்டையும் கொசுவம் வைத்த பாவாடையும் உடுத்தியிருந்தார். அவரைச் சுற்றி முப்பது பெண்கள். எங்களை உட்காரவைத்து, பெரிய மண் கிண்ணங்களில் சிவந்த குழம்பு கொண்டுவந்தார்கள். வான்கோழி. விருந்தாளிக்கென்று அறுத்தது என்று மார்கோஸ் என் காதில் சொன்னார்.

அன்று சனிக்கிழமை. அவர் சனிக்கிழமைகளில் கறி சாப்பிடுவதில்லை.

"ரெண்டு வாய் சாப்பிட்டமாதிரி காட்டிக்கங்க அண்ணே" என்றேன் மெதுவாக. அவர் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எல்வீராவைப் பார்த்துப் பேசத் தொடங்கிவிட்டார். நான் ஆங்கிலத்தில் சொல்ல, மார்கோஸ் கெக்சியில் சொன்னார். மகளுக்கு நாலு வயதில் காய்ச்சல் வந்து கண் திறக்காமல் கிடந்தது, அன்று ஒரு சனிக்கிழமை, பெருமாளிடம் வேண்டிக்கொண்டது, அதிலிருந்து இந்த ஒரு நாள் மட்டும் கறி தொடுவதில்லை. "நாளைக்குன்னா கிண்ணத்த வழிச்சு நக்கியிருப்பேன். இது உங்க சமையலுக்குச் சொல்ற கொறையில்லன்னு சொல்லு தாயி. அத விட்டுறாத."

விடாமல் சொன்னேன். பெண்களுக்குள் ஏதோ பேச்சு ஓடியது. எல்வீரா கிண்ணத்தை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, மக்காச்சோள அடையும் வேகவைத்த அவரைக் கொட்டையும் கொண்டுவரச் செய்தார். விதைப்புக்கு முன்னால் தாங்களும் அப்படித்தான், மலைக்கு உடைய சாமியிடம் அனுமதி கேட்கிற நாட்களில் சிலதைத் தொடமாட்டோம் என்றார். மகள் இப்போது எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். மதுரையில் வேலை பார்க்கிறாள் என்றதும் முப்பது பெண்களும் தலையசைத்தார்கள்.

சாப்பிட்டு முடிந்த பிறகு எல்வீரா உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் உறை கொண்டுவந்தார். அதில் மூன்று தாள்கள். மடிப்பு விழுந்த இடத்தில் டேப் ஒட்டியிருந்தது. எங்கள் கம்பெனியின் மின்னஞ்சல்கள். மார்கோஸ் வருடா வருடம் அச்செடுத்துக் கொடுத்திருக்கிறார். ஒவ்வொன்றிலும் சங்கத்தின் பெயர், சாம்பிள் எண், கீழே ஒரே சொல்.

இதைப் பள்ளி ஆசிரியரிடம் காட்டினோம், பாதிரியாரிடம் காட்டினோம் என்றார் எல்வீரா. வேண்டாம் என்று அர்த்தம் என்றார்கள். அது புரிகிறது. மூன்று வருடம் முன்னால்தான் நாங்கள் சொந்தமாக உலர்த்துகிற கொட்டகை கட்டினோம். அதற்கு முன் பச்சைக் காயாகத் தரகரிடம் போட்டுவிடுவோம். முதல் வருடம் பொறுக்கியது சரியில்லையோ என்று மறுபடி பொறுக்கினோம். அடுத்த வருடம் அடுப்பை மாற்றினோம். போன வருடம் நிறம் மங்கியதை எல்லாம் தள்ளிவிட்டோம். இந்த வருடமும் வேண்டாம் என்றால் கொட்டகையை விற்றுவிடலாம் என்று வீட்டு ஆண்கள் சொல்கிறார்கள். இந்தச் சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள்.

நான் இதை அவருக்குத் தமிழில் சொல்லி முடித்தேன். அவர் தாள்களை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் படிக்க வராது. ஆனால் ஒரு வரிக்கும் ஒரு பக்கத்துக்கும் வித்தியாசம் தெரியப் படிப்பு வேண்டாமே. திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் வெறுமையாக இருந்தது. பிறகு என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. என்னிடமிருந்து ஏதோ வரவேண்டும் என்பது போல் காத்திருந்தார். நான் கையிலிருந்த நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சொல்லு தாயி. நாங்க காரணம் சொன்னோம், அது வழியில விழுந்துபோச்சு, தப்பு எங்க பக்கம்னு சொல்லு."

எங்கள் பக்கம் என்றார். அதைத்தான் மொழிபெயர்த்தேன்.

பிறகு கொட்டகையைப் பார்க்கலாமா என்று கேட்டு உள்ளே போனார். போன வேகத்தில் வெளியே வந்து மூக்கையும் முகத்தையும் கழுவினார். மறுபடி போனார். நானும் மார்கோஸும் பின்னால் போனோம். சுத்தமான கொட்டகை. அடுப்பிலும் குழாயிலும் ஒரு கசிவு இல்லை. சுவரோரம் கட்டிவைத்த மூட்டைகள், அவற்றின் முன்னால் கரிபிடித்த ஒரு சிலுவை, ஒரு மண்சட்டி, அதில் தணலின் மேல் உருகிக்கொண்டிருந்த பிசின். புகை நூலாக எழும்பி மூட்டைகளின் மேல் படர்ந்துகொண்டிருந்தது.

"போம்" என்றார் மார்கோஸ். "மரப் பிசின். மலையிடமிருந்து எடுத்த பொருள், லாரி வந்து ஏற்றும்வரை அதன் முன்னால் இதைப் புகைப்பார்கள். என் அம்மாவும் செய்வார்."

மூக்கு சார் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "குங்கிலியம்னு சொன்னேனா இல்லையா? அன்னைக்கே எழுதியிருந்தா இவுகளுக்கு உடனே வெளங்கியிருக்கும் தாயி. நமக்குத்தான் தெரியாது. இவுகளுக்குத் தெரியும்."

"இப்ப இதை எப்படி அண்ணே சொல்றது? சாமி விஷயம். அடுப்புல கோளாறுன்னு சொல்லிடலாம். புது அடுப்புக்கு நம்ம கம்பெனியே ஏதாவது செய்யட்டும்."

"அப்புறம் புது அடுப்புலயும் இதே வாசம் வரும். அப்ப என்ன சொல்லுவ?"

தூறலில் முற்றத்தில் இரண்டு தடவை நடந்தார். பிறகு கொட்டகைக்குள் வந்து, கூடியிருந்த பெண்களுக்கு முன்னால், எல்வீராவின் எதிரில் தரையில் உட்கார்ந்தார். நேரே விஷயத்துக்கு வரவில்லை. அஜ்மானில் தன் ரூமில் ஒரு பெருமாள் படம் இருப்பதிலிருந்து தொடங்கினார். "அதுக்கு நான் சாம்பிராணி காட்டுறதில்ல, ஊதுவத்தி இல்ல, சூடங்கூட இல்ல. மூக்குப் போயிட்டா பொழப்புப் போயிரும். மொத நாளே படத்துக்கு முன்னால நின்னு இன்ன காரணம்னு சொல்லிட்டேன். அதுலருந்து பூ மட்டுந்தான். பூவும் செவ்வந்தி, மல்லி கெடையாது." இதைச் சொல்லிவிட்டுத்தான், ஏலக்காய் பக்கத்தில் இருப்பதையெல்லாம் குடித்துவிடும், உங்கள் போமின் வாசம் உள்ளே விதைவரைக்கும் இறங்கியிருக்கிறது என்றார்.

மார்கோஸ் அதைக் கெக்சியில் சொல்லி முடித்தார். பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, யாரையும் பார்க்காமல் வெளியே போனார். எல்வீரா மண்சட்டியிலிருந்த தணலைப் பார்த்தார்.

"உங்கள் சாமி கோபிக்கவில்லையா?" என்று கேட்டார்.

அவர் யோசித்துத்தான் பதில் சொன்னார். "தெரியலம்மா. பதினெட்டு வருசமாச்சு. கோவமிருந்தா இந்நேரம் காட்டியிருப்பாரு. ஒருவேள பொறுமையா இருக்காரோ என்னமோ."

பெண்கள் சிரித்தார்கள். எல்வீரா சிரிக்கவில்லை, ஆனால் முகம் கொஞ்சம் இளகியது.

"நிறுத்துங்கன்னு சொல்ல நான் வரல. அதுக்கு நான் ஆளும் இல்ல. ஏன் வேணாம்னோம்னு சொல்லத்தான் வந்தேன். இதையும் சேத்துச் சொல்லு தாயி."

பிறகு இரண்டு பானையில் தண்ணீர் கேட்டார். அந்த ஊரில் யாரும் ஏலக்காய் சாப்பிடுவதில்லை. நூறு மூட்டை விளைவித்தவர்கள் ஒரு காயை வாயில் போட்டதில்லை. காலையில் உலர்த்தி இறக்கி, இன்னும் கொட்டகை மூலைக்கு வராத காயை ஒரு பானையிலும், மூட்டைக் காயை இன்னொன்றிலும் தட்டிப் போட்டுக் கொதிக்கவிட்டு, அவர்களுடைய காப்பியையே கொஞ்சம் சேர்த்து இறக்கினார். கஹ்வா மாதிரியும் இல்லை, காப்பி மாதிரியும் இல்லை. எல்வீரா முதல் பானையில் ஒரு வாய், இரண்டாவதில் ஒரு வாய். மறுபடி முதல் பானை. கோப்பை கைமாறிக் கைமாறிப் போயிற்று. வெளியே போன பெண்ணும் திரும்பி வந்து குடித்தார். குடித்துவிட்டு மார்கோஸிடம் ஏதோ கேட்டார்.

"இதைத்தான் அரபுக்காரர்கள் தினமும் குடிக்கிறார்களா என்கிறார்" என்றார் மார்கோஸ். "கசப்பாக இருக்கிறதாம்."

இறங்கி வரும்போது மார்கோஸ் வண்டி ஓட்ட, நாங்கள் இருவரும் பின்னால் உட்கார்ந்திருந்தோம். மூன்றாவது வளைவில் நானே தொடங்கினேன்.

"அந்தப் படிவத்துல ரெண்டு பொத்தான்தான் அண்ணே இருக்கு."

"கீழ ஒரு கட்டம் இருக்குல்ல?"

அவருக்கு அது தெரிந்திருந்தது.

"ஸ்கூல் பஸ் வந்துடும், நேரமில்லைன்னு..."

"ம்."

"அவங்க இதையெல்லாம் படிப்பாங்கன்னு எனக்குத் தோணலை அண்ணே. அதான்."

அவர் என் பக்கம் திரும்பினார். "இதுதான் நெசமான காரணம்" என்றார். அதற்குமேல் அதைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்டதில்லை, அன்றும் சரி, பிறகும் சரி.

கொஞ்ச நேரம் கழித்து, முதன்முதலில் வளைகுடாவுக்கு வந்தபோது குவைத்தில் மங்காஃபில் ஒரு மளிகை குடோனில் வேலை பார்த்ததைச் சொன்னார். ஏழாவது மாதம் ஒரு காலையில் உள்ளே போனபோது மேற்பார்வையாளர் கையை ஆட்டி "கலாஸ்" என்றாராம். முடிந்தது, போ. பத்து நாள் அந்த வாசலில் போய் நின்றிருக்கிறார், வேலையைத் திரும்பக் கேட்டு அல்ல. "என்ன தப்புப் பண்ணினேன்னு கேக்கத்தான் தாயி. திருடிட்டேன்னு நெனச்சாகளா, சோம்பேறின்னு நெனச்சாகளா? ஒருத்தரும் சொல்லல. ஊருக்குப் போனா என் வீட்டுக்காரி கேக்குறா, ஏன் அனுப்பிட்டாகன்னு. அவகிட்ட என்னத்தச் சொல்ல? இன்னைவரைக்கும் எனக்குத் தெரியாது." சொல்லிவிட்டு ஜன்னலை இறக்கி மறுபடி மூச்சை இழுத்தார்.

அடுத்த பருவத்தில் அந்த மலையூரின் சாம்பிள் வந்தது. மார்கோஸ் கூடவே எழுதியிருந்தார். பெண்கள் பல வாரம் பேசி முடிவெடுத்தார்களாம். ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் ஒரு பிடி எடுத்து, மலைக்குகைக்குக் கொண்டுபோய் அங்கே போம் போடுகிறார்கள். கொட்டகைக்குள் புகை இல்லை. இரண்டு குடும்பங்கள் ஒப்புக்கொள்ளாமல் சங்கத்தை விட்டு விலகிவிட்டன. இவர் நகத்தால் காயைப் பிளந்து, உள்ளங்கையில் தேய்த்து, கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தார். மூன்று சாம்பிளில் இரண்டுக்குச் சரி என்றார். மூன்றாவது சாம்பிள், காய் முற்றுமுன் பறித்தது. ஒன்றரைப் பக்கத்துக்குக் காரணம் சொன்னார். ஒன்றரைப் பக்கமும் அடித்தேன். விலகிப்போன இரண்டு குடும்பத்தையும் நலம் விசாரித்து எழுதச் சொன்னார். அதையும் அடித்தேன். கொட்டகையை விற்கவில்லை.

அதற்கு அடுத்த குளிர்காலம் லேபர் கேம்ப் முழுக்க ஒரு காய்ச்சல் சுற்றியது. அவரும் ஒரு வாரம் படுத்திருந்தார். டூட்டிக்குத் திரும்பிய முதல்நாள் தட்டின் முன் உட்கார்ந்து ஒரு காயைப் பிளந்தார். இன்னொன்றைப் பிளந்தார். பத்துப் பன்னிரண்டு காய் பிளந்த பிறகு எழுந்து வந்து என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"ஒண்ணும் தெரியல தாயி. வெறும் காத்து."

"காய்ச்சலுக்கு அப்படித்தான் அண்ணே இருக்கும். நாளாவட்டத்துல வந்துடும்."

ஒரு மாதம் பார்த்தார். வரவில்லை. டாக்டர் வரலாம், வராமலும் போகலாம் என்றார். குடோனில் வேறு யாருக்கும் தெரியாது. அவர் பார்வையாலும் நகத்தாலுமே பாதிக் காயைச் சொல்லிவிடுவார். மீதிக்கு நான் இருக்கிறேன் என்றேன். "நான் மோந்து பாத்து உங்க காதுல சொல்றேன். இத்தனை வருஷம் கேட்டிருக்கேன், கொஞ்சமாவது தெரியாதா?"

சிரித்தார். "ஒனக்கு நல்ல மூக்குதான். ஆனா வேணாம்" என்றார். ஏன் என்று கேட்கவேண்டிய அவசியம் இல்லை, அவரே சொன்னார். "நான் வேணாம்னு சொல்லி ஒரு ஊருக்காரன் மூட்டையத் திருப்பி எடுத்துட்டுப் போனான்னு வையி. அவன் ஏன்னு கேட்டா, எனக்குத் தெரியலப்பா, பக்கத்துல ஒருத்தி சொல்லுச்சுன்னா சொல்ல முடியும்?"

அன்று மதியம் அர்பாபுக்கு ராஜினாமாக் கடிதம் சொன்னார். நாலு பக்கம். எந்தத் தேதியிலிருந்து வாசம் போயிற்று, டாக்டர் என்ன சொன்னார், அந்த ஒரு மாதத்தில் தான் பார்த்த ஆறு லாட்டையும் வேறு ஆள் வைத்து மறுபடி பார்க்கவேண்டியது ஏன், இந்த வேலைக்குத் தன்னை இனி வைத்துக்கொள்ளக்கூடாது என்பதற்கு என்னென்ன காரணம். வரிசை தவறாமல் சொன்னார். அடித்து முடித்து வாசிக்கச் சொன்னார். நான் ஆங்கிலத்தில் வாசித்துத் தமிழில் சொல்லச் சொல்ல விரலை மடக்கிக்கொண்டே வந்தார்.

"இன்னொரு பிரதி எடு தாயி. அந்த மேகமல அம்மாவுக்கும் அனுப்பிரு. அடுத்த வருசம் வேற ஆளு பாப்பாரு. அந்தாளு மூக்கு வேற மாதிரி இருக்கும். எதுக்கு மாறுச்சுன்னு அவுகளுக்குத் தெரியணும்ல?"

அர்பாப் கடிதத்தை வாசித்துவிட்டு நேரில் வந்தார். வாசலில் நிற்கவேண்டிய அவசியம் இல்லாமல் உள்ளே வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பத்து நாளில் அவர் போடிக்குப் போய்விட்டார்.

ஒன்றரை மாதம் கழித்து மார்கோஸிடமிருந்து பதில் வந்தது. நாலு பக்கத்தையும் கொட்டகையில் எல்லோரையும் உட்காரவைத்து கெக்சியில் வாசித்தாராம். பெண்கள் கேள்விகள் கேட்டார்களாம், எல்லாவற்றையும் எழுதியிருந்தார். ஒரு நாசியா, இரண்டுமா? காய்ச்சலுக்கு முன் தலை வலித்ததா? அங்கே என்ன வைத்தியம் செய்கிறார்கள்? மகளிடம் சொல்லியாயிற்றா? கடைசிக் கேள்வி எல்வீரா கேட்டது. இப்போது வீட்டில் எப்படி இருக்கிறார்?

நான் அதை வாட்ஸ்அப்பில் தமிழில் பேசி அனுப்பினேன். மறுநாள் காலை அவரிடமிருந்து பதினொரு நிமிட வாய்ஸ் மெசேஜ் வந்திருந்தது. மகளை ஸ்கூலுக்கு அனுப்பிவிட்டு, ஆபீசுக்குத் தாமதமாக வருகிறேன் என்று சொல்லி, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நிறுத்தி நிறுத்திக் கேட்டு அடித்தேன். ஒவ்வொரு கேள்வியையும் வரிசைப்படி எடுத்து, காரணத்தோடு பதில் சொல்லியிருந்தார். கடைசிக் கேள்விக்கு வந்தார். பின்னால் பாத்திரச் சத்தம், யாரோ தாளிக்கிற சத்தம்.

"நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லு தாயி. அடுப்புல வெங்காயம் கருகுனாக்கூட எனக்குத் தெரியாது. அதனால இப்பல்லாம் என் வீட்டுக்காரி சமைக்கும்போது நானும் அடுப்படியிலயே ஒக்காந்து அவ மொகத்தப் பாத்துக்கிட்டிருக்கேன். அவ மூக்கச் சுளிச்சா அடுப்பக் கொறைக்கிறேன். இருவத்தாறு வருசமா வெளிநாட்டுலயே இருந்துட்டேன், இம்புட்டு நேரம் அவ மொகத்தப் பாத்ததே இல்ல. இதையும் விட்டுறாம எழுது."